புயலுக்கு முன் ஒரு வீடு

நாம் வாழும் நாட்டிற்குப் பெருங்காற்று வருவது அரிது. சபா மாநிலத்தைக் 'காற்றுக்குக் கீழுள்ள நாடு' என்று பழைய கடலோடிகள் அழைத்த பெயர் இன்றும் வழக்கில் நிற்கிறது. நிலநடுக்கோட்டிற்கு மிக அண்மையில் புயற்சுழல் உருவாவதில்லை என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. புவி தன்னைத் தானே சுற்றுவதால் காற்றுக்கு ஏற்படும் திருப்பம் அங்கு மிகக் குறைவு; திருப்பமின்றிச் சுழல் இல்லை. ஆயினும் 1996ஆம் ஆண்டு டிசம்பரில் கிரெக் என்னும் புயல் சபாவில் இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2001ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் வாமெய் என்னும் புயல் ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. இவை விதிவிலக்குகள். நாம் அஞ்சுவது வெள்ளத்திற்கே; காற்றுக்கன்று. தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்க்குத் தெரியும்: மாலை மழைக்கு முன் எழும் வன்காற்றில் தகரக் கூரை படபடக்கும்போது, மறுநாள் அதன்மேல் இரண்டு கற்களைத் தூக்கி வைப்பதோடு நம் முன்னேற்பாடு முடிந்துவிடும்.

ஆண்டின் நாட்காட்டியையே காற்று இரண்டாகப் பிளந்து வைத்திருக்கும் மக்களும் உலகில் உண்டு. அமெரிக்கக் கண்டங்களுக்கு இடையே கரிபியன் கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளில் வாழ்வோர் அவர்கள். ஜூன் முதல் நாள் தொடங்கி நவம்பர் இறுதி நாள் வரை அவர்களுக்குப் புயற்பருவம். பொங்கலுக்கு முன் நாம் வீட்டிற்கு வெள்ளையடிப்பது போல, பருவம் பிறக்குமுன் கூரையைத் தட்டிப் பார்ப்பதும், சன்னற்கதவின் தாழைச் சரி செய்வதும், முற்றத்து மரக்கிளைகளைக் கழிப்பதும் அவர்களுக்கு ஆண்டுதோறும் வரும் வேலைகள். இவ்வழக்கத்தின் வரலாற்றை, 1928ஆம் ஆண்டு செப்டம்பரில் வீசிய ஒரே ஒரு புயலை நடுவில் நிறுத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். அப்புயலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இரண்டு. ஒரே காற்று மூன்று நிலங்களில் மூன்று விதமான முடிவுகளைத் தந்தது என்பது ஒன்று. அம்மூன்று நிலங்களுள் ஒன்றில் தமிழர் வழித்தோன்றல்கள் வாழ்ந்தனர் என்பது மற்றொன்று.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'ஹரிக்கேன்' என்னும் ஆங்கிலச் சொல் ஐரோப்பியருடையதன்று. அத்தீவுகளின் பழங்குடிகளாகிய தாயினோ மக்கள் வழங்கிய 'ஊரக்கான்' என்னும் சொல்லே இசுபானிய மொழி வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. கொலம்பசுடன் சென்ற இரமோன் பானே என்னும் துறவி 1498ஆம் ஆண்டை ஒட்டி அம்மக்களின் நம்பிக்கைகளைக் கேட்டு எழுதி வைத்தார். பெருங்காற்றுக்குத் தலைவி குவாபான்செக்சு என்னும் பெண்தெய்வம். அவளுக்குத் துணைவர் இருவர். ஒருவன் முன்னே சென்று அவள் வருகையை அறிவிப்பவன். மற்றவன் நீரையெல்லாம் மலைகளுக்கிடையே சேர்த்து வைத்துப் பின் ஒருசேரத் திறந்து விடுபவன். முன்னறிவிப்பு, காற்று, வெள்ளம் என்ற இந்த வரிசையை இன்றைய வானிலை அறிஞர் எவரும் மறுக்கமாட்டார். கதை என்று நாம் ஒதுக்கும் ஒன்றில் எத்துணைக் கூர்மையான கவனிப்பு அடங்கியிருக்கிறது என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தாயினோ மக்களின் வீடு வட்டமானது. தூண்களை மண்ணில் நட்டு, ஓலையால் வேயப்பட்டது. காற்று மோதி நிற்பதற்குத் தட்டையான முகம் அதற்கில்லை. விழுந்தாலும் ஓலையும் கழியும் மனிதரை நசுக்குவதில்லை. மீண்டும் கட்டுவதும் எளிது. ஐரோப்பியர் வந்த பின் கல்வீடுகள் எழுந்தன. ஆனால் அவை ஆள்வோர்க்கும் வணிகர்க்கும் உரியவை. போர்ட்டோ ரிக்கோ தீவின் மலைப்பகுதி உழவர்கள் தம் குடிசைக்கு அருகே வேறொரு சிறு கட்டு அமைத்துக் கொண்டனர். அதற்குத் 'தொர்மெந்தேரா' என்று பெயர். புயற்கூடு என்று நாம் சொல்லலாம். சுவர் என்று ஒன்று இராது. நிலத்தைச் சற்றே தோண்டி, வலுவான மரங்களை இருபுறமும் சாய்த்து முகட்டில் இணைத்து, கூரையே தரையைத் தொடும்படி அமைப்பர். புயல் நெருங்கும்போது குடிசையைக் காற்றின் விருப்பத்திற்கு விட்டுவிட்டுக் குடும்பம் முழுவதும் அதனுள் ஒடுங்கிக் கொள்ளும். வீட்டைக் காக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டு உயிரை மட்டும் காக்கும் ஏற்பாடு அது. ஏழையின் அறிவு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் மரவீட்டில் வேறொரு நுட்பம் காணலாம். கூரை நாற்புறமும் செங்குத்தாகச் சரியும். வெளியே தாழ்வாரம் இருப்பின் அதன் கூரையைப் பெருங்கூரையின் நீட்டமாக அமைக்காமல், சற்றுக் கீழே தனியாகப் பொருத்துவர். காற்று தாழ்வாரத்தைப் பறித்தாலும் வீட்டின் கூரை தப்பும் என்பது கணக்கு. சன்னல்களுக்குக் கண்ணாடி இராது. கனத்த மரக்கதவும், அதற்குக் குறுக்கே உள்ளிருந்து போடும் கட்டைத்தாழும் இருக்கும். இவ்வளவும் தெரிந்த தச்சர்கள் அவ்வீட்டைத் தரையில் ஊன்றவில்லை. நான்கு மூலையிலும் கல்லை வைத்து, அதன்மேல் வீட்டைத் தூக்கி அமர்த்தினர். ஏன் என்பது நம் தோட்டப்புற மக்களுக்கு உடனே விளங்கும். நிலம் முதலாளியுடையது, பலகை மட்டுமே தொழிலாளியுடையது. வேலை போய் வெளியேறச் சொன்னால் அவன் தன் வீட்டையே மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த இடத்திற்குச் செல்வான். பிறர் மண்ணில் தூணை ஆழ நட இயலாது. ஆகவே, புயலுக்கு வீட்டை ஆயத்தம் செய்வதென்பது ஆணியும் பலகையும் பற்றிய செய்தி மட்டுமன்று. அந்த வீடு யாருடைய மண்ணில் நிற்கிறது என்பதும் அதில் அடங்கும். இதனை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது; பின்னால் இது திரும்பத் திரும்ப வரும்.

இசுபானியர் ஆட்சியில் புயலுக்குப் பெயர் சூட்டும் முறையும் தனியானது. எந்தப் புனிதருக்குரிய நாளில் காற்று வீசியதோ அப்புனிதரின் பெயரே அதற்கு வழங்கும். டென்மார்க்கிடமிருந்து 1917இல் அமெரிக்கா வாங்கிய வர்ஜின் தீவுகளிலோ, பருவத் தொடக்கமாகிய ஜூலையில் ஒருநாள் காப்பாற்றும்படி வேண்டுதலும், அக்டோபரில் ஒருநாள் தப்பித்தமைக்கு நன்றி கூறலும் உண்டு. மனத்தை ஆயத்தம் செய்யும் இம்முறையை எள்ளி நகையாட எனக்குத் தோன்றவில்லை. வேறு எதுவும் கைவசம் இல்லாத காலத்தில் அது தோன்றியது.

1899ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் புனித சிரியாக்கோவின் திருநாள். அதற்கு முந்திய ஆண்டுதான் போர்ட்டோ ரிக்கோ இசுபானியரிடமிருந்து அமெரிக்கரின் கைக்கு மாறியிருந்தது. ஆபத்தைக் குறிக்கும் கொடி முதல் நாளே துறைமுகத்தில் ஏற்றப்பட்டது. ஆனால் துறைமுகத்துக் கொடியை மலைமேல் காப்பிக் கொட்டை பறிப்பவன் எங்ஙனம் காண்பான்? காலையில் தென்கிழக்கில் கரையேறிய புயல் தீவின் குறுக்கே ஊர்ந்து சென்றது. ஊமக்காவோ என்னும் ஊரில் ஒரே நாளில் ஏறத்தாழ 580 மில்லிமீட்டர் மழை பொழிந்தது. மலைகளுக்கிடையே சேர்ந்த நீர் ஒருசேரத் திறந்துகொண்டது. இறந்தோர் 3,369 பேர் என்பது கணக்கு. அவருள் பெரும்பாலோர் காற்றினால் அன்று, நீரில் மூழ்கி மாண்டவர்கள். புயற்கூடு காற்றுக்கு அரணாகும். ஆனால் அது நிலத்தைத் தோண்டி அமைத்தது. வெள்ளத்திற்கு அது அரணாகாது.

எஞ்சியவர்க்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். அக்காலத்தில் தீவின் முதற்பயிராக விளங்கிய காப்பி அடியோடு அழிந்தது. புதிதாக நட்ட செடி காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். படைத்தலைவராகவும் ஆளுநராகவும் இருந்த ஜார்ஜ் டேவிஸின் ஆட்சியில் அமெரிக்காவிலிருந்து உணவு வந்து இறங்கியது. மக்கள் இலவச உணவுக்குப் பழகிச் சோம்பிவிடலாகாது என்ற கருத்தினால், அதில் பெரும்பகுதி தோட்ட முதலாளிகள் வழியாகவே தொழிலாளரைச் சென்றடைந்தது. பசித்தவன் உணவு பெறுவதற்கும் முதலாளியின் வாயிலில் நிற்க வேண்டியதாயிற்று. 1900, 1901ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 பேர் கப்பலேறி, பசிபிக் பெருங்கடலின் நடுவிலுள்ள ஹவாயித் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றனர். பஞ்சமும் புயலும் கப்பலும் கரும்பும் என்ற இந்தத் தொடரை நாம் வேறு பெயர்களில் நன்றாக அறிவோம்.

இதற்கிடையில் முன்னறிவிப்புக் கலையும் வளர்ந்து வந்தது. கியூபாவின் தலைநகர் அவானாவில் பெலென் கல்லூரி வானிலை நிலையத்திற்கு 1870இல் பொறுப்பேற்ற பெனிட்டோ வீனெஸ் என்னும் பாதிரியார், உயர்ந்த முகில்களின் போக்கை நாள்தோறும் குறித்து, புயலின் நடுப்பகுதி எத்திசையில் உள்ளது என்று சொல்லும் வழியைக் கண்டார். 1875ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் வெளியிட்ட அறிவிப்பு உலகின் முதற் புயல் முன்னறிவிப்புகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. (சுழற்காற்றைக் குறிக்கும் 'சைக்ளோன்' என்ற சொல்லோ நம் வங்கக் கடலோரத்தில் பிறந்தது, கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் 1848இல் அதனைப் படைத்தார்.) கம்பியில்லாத் தந்தி கப்பல்களில் அமைந்த பிறகு, கடல் நடுவிலிருந்தே செய்தி வரலாயிற்று.

1928ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் அத்தகைய செய்தி ஒன்று வந்தது. குவாதலூப்பிற்குக் கிழக்கே, அட்லாண்டிக் கடலின் நெடுந்தொலைவில், கம்மாக் என்னும் கப்பல் பெரும்புயல் ஒன்றைக் கண்டு அறிவித்தது. அதுவரை அவ்வளவு கிழக்கிலிருந்து எந்தக் கப்பலும் புயற்செய்தி அனுப்பியதில்லை.

இரண்டு நாள் கழித்து, 12ஆம் நாள், புயல் குவாதலூப்பை அடைந்தது.

அத்தீவில் தமிழர் எங்ஙனம் வந்தனர் என்பதைச் சுருக்கமாகவேனும் கூறியாக வேண்டும். அடிமை முறை 1848இல் ஒழிந்த பின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய பிரெஞ்சு அரசு தன் ஆளுகையிலிருந்த புதுச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்பியது. ஒப்பந்தக் கூலிகளைச் சுமந்த முதற் கப்பல் 1854ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் புவாந்தாப்பித்ர் துறைமுகத்தை அடைந்தது. 1889 வரை ஏறத்தாழ 42,000 இந்தியர் அத்தீவில் இறக்கப்பட்டனர். அவருள் தமிழர் தொகை பெரிது. அடிமைகள் வாழ்ந்து கழித்த வரிசைக் குடில்களே அவர்களுக்கு வீடாயின. சோழமண்டலக் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் வீசும் புயலை அறிந்த மக்கள் அவர்கள். புதிய நாட்டில் ஆவணியிலும் புரட்டாசியிலும் அது வரும் என்பதை மட்டுமே கற்க வேண்டியிருந்தது. அங்கேயே பிறந்த அவர்தம் பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்களா அல்லரா என்ற வழக்கை ஹென்றி சிதம்பரம் என்பார் 1904இல் தொடங்கி, 1923 வரை நடத்தி வென்றார். குடியுரிமை வந்து ஐந்தாம் ஆண்டில் புயல் வந்தது.

குவாதலூப்பில் மாண்டோர் ஏறத்தாழ 1,200 பேர். புவாந்தாப்பித்ர் நகரின் மரவீடுகளில் பெரும்பான்மை தரைமட்டமாயின. செங்குத்தான கூரையும் கட்டைத்தாழும் சிறிய புயல்களுக்குப் போதுமானவை. ஆனால் இத்தகைய பெருங்காற்றில், நான்கு கற்களின்மேல் அமர்ந்திருந்த வீடு வண்டியில் ஏறிய அதே எளிமையோடு காற்றிலும் ஏறிவிடும்.

மறுநாள், செப்டம்பர் 13, புனித பெலிப்பேயின் திருநாள். 1876இல் இதே நாளில் வீசிய புயலுக்கு அப்பெயர் ஏற்கெனவே சூட்டப்பட்டிருந்தமையால், இது இரண்டாம் சான் பெலிப்பே ஆயிற்று. போர்ட்டோ ரிக்கோவின் வரலாற்றில் இதனினும் வலிய காற்று பதிவாகவில்லை. தலைநகர் சான் உவானில் இருந்த காற்றுவேகமானி மணிக்கு 160 மைல் என்று காட்டிய பின் உடைந்தது. ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். இறந்தோரோ 312 பேர்.

இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் இதே தீவில், இதனினும் வலிமை குறைந்த புயலில் மாண்டவர் 3,369 பேர் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது எதனால்? இம்முறை வானொலியும் தந்தியும் இருந்தன. அவற்றைவிட முக்கியமாக, செய்தி ஊர்தோறும் இருந்த காவல் நிலையங்களுக்குச் சென்றது. கொடியைக் காண முடியாத மலைவாழ் உழவனிடம் காவலர் நேரே சென்று கூறமுடிந்தது. அவனுக்கு ஒருநாள் கிடைத்தது. ஒருநாளில் என்ன செய்யலாம்? சன்னலுக்குக் குறுக்கே பலகை அடிக்கலாம். பறந்து வந்து ஆளை வெட்டக்கூடிய தகரத் துண்டுகளைப் பொறுக்கிக் கட்டி வைக்கலாம். குடிநீரைப் பானைகளில் நிரப்பலாம். மாட்டை மேட்டிற்கு ஓட்டலாம். ஆற்றோரத்தை விட்டு விலகலாம். புயற்கூட்டின் முகட்டுக் கட்டை இற்றுப் போயிருக்கிறதா என்று பார்க்கலாம். வீடுகள் விழுந்தன, ஆனால் விழும்போது அவற்றினுள் ஆட்கள் குறைவாக இருந்தனர். 1899இல் உயிர்களை மிகுதியாகக் கொண்டு போனது மழைவெள்ளம் ஆகையால், இரண்டு புயல்களையும் ஒரே தராசில் வைக்கலாகாது என்று வாதிடுவோர் உளர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் முழு வேறுபாட்டையும் மழையின்மேல் சுமத்திவிட முடியாது.

அதே புயல் செப்டம்பர் 16ஆம் நாள் மாலை அமெரிக்காவின் புளோரிடாவில் கரையேறியது. உள்நாட்டில் ஒக்கிச்சோபி என்றொரு பெரிய ஏரி உண்டு. அதன் தென்கரையில் சேற்று மண்ணால் எழுப்பிய தாழ்வான கரை. கரைக்கு அப்பால் வயல்கள். வயல்களில் கறுப்பினத் தொழிலாளரும் பகாமாத் தீவுகளிலிருந்து பிழைக்க வந்தவரும். அங்கும் எச்சரிக்கை சென்றது. மக்கள் மேட்டிற்குச் சென்றனர். சொன்ன நேரத்தில் புயல் வரவில்லை. இனி வராது என்று பலர் வீடு திரும்பினர். இரவில் காற்று ஏரிநீரைத் தென்கரைமேல் தள்ளியது, கரை உடைந்தது. குறைந்தது 2,500 பேர் மாண்டனர் என்று பிற்கால ஆய்வுகள் கூறுகின்றன. ஆரம்பத்தில் 1,836 என்றே எழுதப்பட்டது. 2003ஆம் ஆண்டில்தான் அவ்வெண் திருத்தப்பட்டது. எண்ணப்படாதோர் யாவர் என்பதை அவர்களைப் புதைத்த முறையே சொல்லும். சவப்பெட்டிகள் வெள்ளையர்க்கு ஒதுக்கப்பட்டன. வெசுட் பாம் பீச் நகரில் 674 கறுப்பினத்தவர் பெட்டியின்றி ஒரே குழியில் இடப்பட்டனர். பெயர் எழுதிய கல் ஒன்றும் அங்கு நெடுங்காலம் இல்லை.

குவாதலூப்பை மீட்டெழுப்ப பிரெஞ்சு அரசு 1929இல் அலி தூர் என்னும் கட்டடக் கலைஞரை அமர்த்தியது. தூனிசில் பிறந்த அவர், 1937 வரை ஏறத்தாழ நூறு பொதுக் கட்டடங்களை இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட்டில் எழுப்பினார். நகரமன்றங்கள், பள்ளிகள், தேவாலயங்கள், ஆட்சி மாளிகைகள் என எழுந்த அவை, காற்றை உள்ளே விட்டு வெளியே அனுப்பும் பலகணி வரிசைகளோடு அழகாகவும் உறுதியாகவும் நிற்கின்றன. அரசு தன் வீட்டை ஆயத்தம் செய்து கொண்டது. கரும்பு வெட்டியவனின் வீடோ பின்னும் பல ஆண்டுகள் மரப்பலகையாகவே, கல்லின்மேலேயே இருந்தது. அலி தூரின் கலையை நான் குறைத்துக் கூறவில்லை. அவருக்கு இட்ட பணி அவ்வளவே.

வீட்டின் உட்கூறுகளைப் பற்றிய அறிவு இன்னும் தாமதமாகவே வந்தது. காற்று கூரையை அமுக்கும் என்றே நாம் எண்ணுகிறோம். ஆகவேதான் கல்லை ஏற்றுகிறோம். உண்மையில் பெருங்காற்று கூரையின்மேல் விரைந்து செல்லும்போது அதனை மேல்நோக்கி இழுக்கிறது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். காற்றை எதிர்கொள்ளும் சன்னல் ஒன்று உடைந்துவிட்டால், உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ள, வெளியே ஓடும் காற்று மேலிருந்து இழுக்க, கூரை எழும்பிப் போகிறது. கூரை போன வீட்டின் சுவருக்குப் பிடிப்பு இல்லை. இதனை அறியாத காலத்தில், காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறமுள்ள சன்னலைத் திறந்து வையுங்கள், இல்லாவிடில் வீடு வெடித்துவிடும் என்று அறிவுரை கூறிவந்தனர். பல தலைமுறை அதனை நம்பியது. அது பிழை. எல்லாக் கதவுகளையும் அடைத்து, காற்றை உள்ளே விடாமையே முறை என்று இன்று தெளிந்துள்ளது.

1992ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் தென் புளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ புயல் இப்பாடத்தைச் செல்வர் வாழ்ந்த தெருக்களிலேயே கற்பித்தது. இருபத்தைந்தாயிரத்திற்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. பழைய வீடுகள் சில நின்றிருக்க, அண்மையில் விரைந்து கட்டி விற்ற புதிய வீடுகள் பல விழுந்து கிடந்தன. ஆய்ந்தவர்கள் கண்டது மிக எளிய குற்றம்: கூரைப் பலகையில் அடித்த ஆணிகள் கீழுள்ள மரத்தில் இறங்கவே இல்லை, பக்கத்தில் வெற்றிடத்தில் நீட்டிக் கொண்டிருந்தன. ஆணி அடித்தவன் விரைவாக அடித்தான். பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. இதன்பின் கைமரத்தைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டைகள் கட்டாயமாயின. 2002இல் மாநிலம் முழுமைக்குமான கட்டட விதி நடைமுறைக்கு வந்தது. சில காசு பெறும் ஒரு பட்டை கூரையைக் காக்கிறது. ஆயினும் அது வீட்டைக் கட்டும் நாளிலேயே இருக்க வேண்டிய பொருள். எச்சரிக்கை கேட்ட பின் ஓடிப்போய் வாங்கக் கூடியதன்று.

மீண்டும் போர்ட்டோ ரிக்கோவிற்கு வருவோம். 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் மரியா என்னும் புயல் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகக் காற்றோடு அங்குக் கரையேறியது. இப்போது செயற்கைக்கோள் உண்டு. வரும் நாளும் நேரமும் முன்கூட்டியே தெரியும். கான்கிரீட் வீடுகளும் பெருகியிருந்தன. 1928ஐக் கண்டவர்கள் இந்த ஏற்பாட்டைப் பார்த்தால் வியந்திருப்பர். அரசு அறிவித்த இறப்பு எண்ணிக்கை பல மாதங்களுக்கு 64 என்றே இருந்தது.

ஆனால் தீவு முழுவதும் மின்சாரம் அறுந்து போயிற்று. மின்சாரம் இன்றி நீரேற்றும் எந்திரம் ஓடவில்லை. குளிரில் வைக்க வேண்டிய நீரிழிவு மருந்து கெட்டது. மூச்சுக்கு உதவும் கருவி நின்றது. சாலை உடைந்த மலையூர்களில் மருத்துவமனைக்குப் போக வழியில்லை. கடைசி வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப ஏறத்தாழ பதினோரு மாதம் ஆயிற்று. கூரை தப்பிய வீட்டினுள், சுவர் அசையாத அறையில், படுக்கையிலேயே மக்கள் மாண்டனர். புயற்கூடு அமைத்த உழவனுக்கு இந்தச் சாவு தெரியாது. அவன் வீடு எந்தக் கம்பியையும் நம்பி நிற்கவில்லை.

கூரை இழந்தவர்களின் கதை வேறு. உதவிப் பணம் கேட்டு நடுவண் அரசிடம் விண்ணப்பித்தோரில் பல்லாயிரவர்க்கு, வீடு உம்முடையதுதான் என்பதற்குச் சான்று இல்லை என்று மறுப்பு வந்தது. பாட்டன் காலத்தில் தோட்ட முதலாளி வாய்மொழியாக விட்டுக் கொடுத்த துண்டு நிலத்தில், தலைமுறை தலைமுறையாக அறை அறையாகச் சேர்த்துக் கட்டிய வீடுகள் அவை. பத்திரம் எழுத அன்று எவரும் எண்ணவில்லை. ஆகவே நீலத் தார்ப்பாயே பல வீடுகளுக்குக் கூரையாயிற்று. ஆண்டுகள் கழிந்தும் மலைச்சரிவுகளில் அந்நீலம் தெரிந்தது. சொந்த உறுதிமொழியையே சான்றாக ஏற்கும்படி விதி தளர்ந்தது 2021இல்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்ட நாளில், நாற்பது ஆண்டு வாழ்ந்த லயத்தைக் காட்டி 'இது என் வீடு' என்று சொல்ல இயலாமல் சட்டி பானையோடு சாலையில் நின்ற நம் முன்னோர்க்கு இதனை விளக்கவே வேண்டியிருந்திராது.

64 என்ற எண்ணை மக்கள் ஏற்கவில்லை. ஒவ்வொரு தெருவிலும் அவரவர் அறிந்த சாவுகள் இருந்தன. கூட்டிப் பார்த்தால் கணக்கு ஒத்துவரவில்லை. பல்கலைக்கழகம் ஒன்று ஆறு மாத காலத்து இறப்புகளை ஆராய்ந்து, வழக்கத்திற்கு மிகையாக மாண்டோர் 2,975 பேர் என்று மதிப்பிட்டது. ஏழை ஊர்களிலும் முதியோரிடையிலும் அது மிகுதி. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் அரசு அந்த எண்ணை ஏற்றுக்கொண்டது.

அதற்கு முன்பே, அவ்வாண்டு ஜூன் முதல் நாள், புதிய புயற்பருவம் பிறந்த அன்று, சான் உவானில் உள்ள சட்டமன்றக் கட்டடத்தின் முன் மக்கள் வந்து காலணிகளை வைக்கத் தொடங்கினர். எண்ணப்படாமல் இறந்தவர்கள் அணிந்திருந்தவை. சிலவற்றில் பெயரும் ஊரும் எழுதிய தாள் இருந்தது. மாலைக்குள் முதியவரின் தேய்ந்த செருப்பும், செவிலியின் வெள்ளைக் காலணியும், குழந்தையின் சிறு சப்பாத்தும் படிக்கட்டுகளுக்கு எதிரே வரிசை வரிசையாக நிறைந்தன. வைத்தவர்கள் சிறிது நேரம் நின்றுவிட்டுத் தத்தம் வீடுகளுக்குத் திரும்பினர். அங்கே சன்னற்கதவின் தாழைச் சரிபார்க்கும் வேலை இருந்தது.